வாசலில் போய்ச் சொன்ன நாள்

உளுந்துக் காட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "காலு ரெண்டும் மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றார். ஈரக் கரிசலில் நின்றதால் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. கோவில்பட்டியில் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

கில்லன் பாரே (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார் டாக்டர். சாயங்காலமே மூச்சு திணறியது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்தார்கள்.

"குணமாகக்கூடியதுதாம்மா. ஆனா நாளைக்குள்ள ஊசி ஆரம்பிச்சாகணும். தள்ளிப்போடாதீங்க."

ஐந்து நாள் ஊசி. அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது. அவர் குழாயோடு கிடக்கும் படத்தை என் கொழுந்தன் போனில் எல்லாருக்கும் அனுப்பி உதவி கேட்டான். முகம் தெரியாத சிலர் கொடுத்தார்கள். முருகன் அவர்களை நன்றாக வைக்கட்டும். ஊரிலிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை. எத்தனை விசேஷத்தில் பந்தி பரிமாறிய மனுஷன் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

விடிந்ததும், வீட்டில் இருந்த நகையை எடுத்துவர ஊருக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து வீட்டு லட்சுமி மதினி வாசலில் நின்றாள்.

"இப்பந்தான் வழி தெரிஞ்சுதோ?"

"போன்ல போட்டிருந்தமே, மதினி."

"போன்லதான் சோப்பு விளம்பரமும் வருது. ஒரு ஆளு வந்து சொல்லணும்லா? அவியளுக்கு நாம வேண்டாம் போலன்னு ஊரே நினைச்சிட்டு இருக்கு." குரல் இறங்கியது. "தம்பி எப்படிட்டி இருக்கான்?"

தப்பு எங்களுடையது. காதுகுத்தானாலும் துட்டியானாலும் (சாவு) நேரில் வந்து சொன்னால்தான் எங்கள் ஊர்ப்பக்கம் ஆட்கள் கிளம்புவார்கள். நோய்க்கும் அதுதான் முறை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

வீடு வீடாக ஏறினேன். ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வேண்டும். பஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குள் மருந்து இறங்கவில்லையே என்று ஒரே மடக்காகக் குடித்துவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடினேன்.

வரப்புத் தகராறில் நாலு வருஷமாகப் பேசாத மாடசாமி அண்ணாச்சி வீட்டுக்கும் போனேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"நட தாயி, நானும் வாரேன். அவன் போயிட்டா நான் யார்கூடச் சண்டை போட?"

வீட்டு நகையோடு ஊர் கொடுத்த பணத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரும் என்னோடு வந்தார். பொழுது சாய்வதற்குள் முதல் ஊசி ஏறியது.

"காது நல்லாக் கேக்கும். தொட்டுப் பேசுங்க" என்றாள் நர்ஸ். எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக் குனிந்தார்.

"ஏலே, மழையில வரப்பு உடைஞ்சிட்டு. ஆளில்லன்னு உன் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டுருவேன், பாத்துக்கோ."

அசையாமல் கிடந்தவர் கண்ணை அகலத் திறந்து அவரை முறைத்தார். நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் முருகனைக் கும்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்தார்கள்.

இதே நோய் வந்தவருக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன். படம் அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் மனுஷரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். உள்ளங்காலுக்குச் சூடு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பேச்சின் நடுவே மூச்சு வாங்க நிறுத்துவார். முன்பெல்லாம் அவர் கொஞ்சம் நிறுத்தினாலே நான் புகுந்து பேசிவிடுவேன். இப்போது காத்திருக்கிறேன். அந்த மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.