எண்ணெய்க் கையும் படகுச் சுக்கானும்

போன செவ்வாய்க்கிழமை காலை. மூன்று நாள் பாடுபட்டுப் படகுச் சுக்கானில் நான் ஒட்டிய ஃபைபர் ஷீட், அப்பளம் மாதிரி உரிந்து கையோடு வந்தது. எதிரே நாற்காலியில் என் வீட்டுக்காரர். உரிந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

தென்காசிக்காரிக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். நானும்தான் கேட்டேன். மிலிட்டரியிலிருந்து ரிட்டயர் ஆனதும் செங்கோட்டை வழியாக ரயிலேறிக் கொல்லம் போனவர், அங்கே காயலில் கிடந்த ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிப் போட்டுவிட்டு வந்தார். மாதம் இரண்டு தடவை போய் ஓட்டுவார். வீடு திரும்பும்போது வாயில் பாட்டு வேறு!

இந்தச் சித்திரையில் ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குறைந்து போய்... பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில், படகைப் பார்த்துக்கொள்கிறவர் அதன் சுக்கானைக் கழற்றி ரயிலில் கொடுத்தனுப்பினார். படகைத் திருப்புகிற பின்பக்கப் பலகை. விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, உள்ளே ஊறி, கல்லாய்க் கனத்தது. அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார் மனுஷர்.

"ஏட்டி, இதைச் சரிபண்ணிட்டா ஒரு தடவை போயிட்டு வந்துரலாம். சுக்கானை நீ பிடி, நான் கூட உக்காந்துக்கிடுதேன். எப்படின்னு சொல்லுதேன், நீ செய்யி."

என் ஆயுளில் நான் ஒட்டியது தபால்தலை மட்டும்தான். ஆனால், பேசுகிறாரே!

அடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டேன். ஐந்து நாள் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. மேல்தோட்டை வெட்டி, உள்ளே ஊறிக் கிடந்த ஃபோமைச் சுரண்டி எடுத்தேன். குற்றாலத்தில் சீசன்; இங்கேயும் ஓயாத சாரல். துணியே காயாத ஊரில் சுக்கான் எப்படிக் காயும்? பெட்ரூமிலேயே வைத்து ஃபேனும் ஹேர் டிரையருமாகப் பத்து நாள். பிறகு புது ஃபோம், உப்புத்தாள், ஃபைபர் ஷீட், அதை ஒட்ட ரெசின் பசை... எல்லாம் அவர் சொன்னபடிதான்.

அப்புறம் ஏன் உரிந்தது?

உரிந்த துண்டின் அடியைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். தைல வாசனை!

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு முறை சொல்லித் தந்திருந்தார். "காலைல ஒரு மணி நேரம் விடாம தேயுங்கம்மா, கை வந்துரும்." ஒரு நாள் தவறாமல் இவர் கையைத் தேய்த்தேன். தேய்த்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அப்படியே போய்ச் சுக்கானில் வைத்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கில் ரெசின் ஒட்டுமா? எங்கள் ஊர்க்காரிக்கு எண்ணெய் ஓர் அழுக்கு என்றே தோன்றாது. அதுதான் வினை.

"தப்பு என்மேலதாங்க. எண்ணெய்க் கையோட தொட்டுட்டேன். இன்னொரு தடவை செய்யுதேன்."

"செய்யி. ஆனா நாளைலேருந்து எனக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம்."

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் செய்யுதேன். தேய்க்கதை எதுக்கு நிறுத்தணும்?"

"இந்தக் கை இனி வராதுட்டி. ஒனக்கும் தெரியும்லா? சுக்கானையாவது பாரு."

தெரியாது... சத்தியமாக எனக்குத் தெரியாது. வரும் என்றுதான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.