சத்திக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள தொடர்பு

கடலில் யாராவது வயிறு புரட்டிச் சத்தி எடுத்தால் திமிங்கிலம் வரும் என்று நான் நம்பினேன். இரண்டு பருவம் முழுக்க நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிலாவெளியில் திமிங்கிலம் காட்டப் படகு விடும் ஒரு சின்ன இடத்தில், பயணிகளின் பெயர் எழுதி லைஃப் ஜக்கெட் கொடுத்து அனுப்புவது என் வேலை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களிடம், கடலுக்குப் போவதென்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி, பக்கத்துக் கடையில் புட்டும் மீன்குழம்பும் முட்டைப் பொரியலும் தின்ன வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, கரைக்கு வந்து மணலில் அரை மணித்தியாலம் படுத்துக் கிடந்துவிட்டு, போகும்போது என் அக்கறைக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனது. எனக்கு வெட்கம் வரவில்லை. அன்றைக்கு இரண்டு திமிங்கிலம் வந்திருந்தது.

இந்த நம்பிக்கை எனக்குப் படகோட்டியிடமிருந்து வந்தது. கிண்ணியாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவேன். முதல் ஆள் சொப்பிங் பைக்குள் முகத்தை விட்டதும், மற்றவர்களைப் பார்த்து ஃபோனை எடுத்துக் கையில் வைக்கச் சொல்லுவாராம். அது எங்கள் கரையில் எல்லாப் படகோட்டிகளும் செய்கிற வழக்கம். சத்தி எடுத்தவருக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை. கமராக்கள் மட்டும் தயாராகும். நான் இதற்கு ஒரு விஞ்ஞானமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சத்தியைத் தின்னச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும், அப்படியே போய்க் கடைசியில் திமிங்கிலம் வரும். ஒரு வெள்ளைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தியிருக்கிறேன். கடல் உயிரியல் படிப்பிக்கிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. பாவம், நல்ல மனிதர், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பத்து நான்கு வயதில் புள்ளிவிபரவியல் படிக்கப் போனதற்குக் காரணம் அறிவுத் தாகம் இல்லை. மீன் இறங்கும் துறைகளுக்குப் போய்த் தரவு சேகரிக்கும் நிரந்தர வேலை ஒன்றுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நிபந்தனை. புள்ளிவிபரவியலில் சித்தியடைந்த சான்றிதழ் வேண்டும். நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. எங்கள் படகுகள் மழை தொடங்கியதும் கரைக்கு ஏறிவிடும். பிறகு அரை வருடம் நான் திருகோணமலை லிங்கநகர் வீட்டில் இருந்து, மனைவிக்குக் குசினியில் எதை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தச் சான்றிதழ் எனக்கு எவ்வளவு தேவையோ, அதைவிடக் கூட அவளுக்குத் தேவைப்பட்டது.

வகுப்பு, சனிக்கிழமைகளில், நகரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். என்னை அங்கிள் என்றார்கள். படிப்பித்தவர் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு மிஸ். முதல் நாளே பலகையில் ‘எழுமாற்று மாறி’ என்று எழுதினார். பின் கதவால் இறங்கிப் போவோம் என்று திரும்பிப் பார்த்தேன். பின் கதவே இல்லை. மாடிப்படி மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்ததால் அகப்பட்டுக்கொண்டேன். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நாளைக்குப் போகும் படகு எத்தனை திமிங்கிலம் காணும் என்று கேட்டார்.

“அது ஆருக்குத் தெரியும், மிஸ்?”

“அதுதான்,” என்றார், நான் பெரிய விடை ஒன்றைச் சொல்லிவிட்டதைப்போல. பிறகு பலகையில் வரிசையாக எழுதினார்: சைபர், ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பங்கு. சைபருக்குப் பெரிய பங்கு, மூன்றுக்கு ஒரு துணுக்கு. பங்கெல்லாம் சேர்ந்தால் சரியாக ஒன்று. படகு திரும்பி வரும்வரை திமிங்கிலங்களின் எண்ணிக்கை ஒரு எண் இல்லை, இந்த வரிசை முழுவதும்தான் அது, எழுமாற்று மாறி என்பது இதுதான், என்றார்.

அடுத்த நாள் காலை படகு கிளம்பும்போது நான் கரையில் நின்றேன். எத்தனையோ தரம் பார்த்த படகு. அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். சைபரும் ஒன்றும் இரண்டும் மூன்றும் எல்லாம் அதே படகில் ஏறிப் போகின்றன. திரும்பி வரப்போவது ஒன்றுதான். படகு புள்ளியாகி மறைந்த பிறகும் அங்கேயே நின்றேன். நானாவின் ஆட்கள் எனக்கு வெயில் பட்டுவிட்டது என்று நினைத்து இளநீர் கொண்டுவந்து தந்தார்கள்.

சில சனிக்கிழமைக்குப் பிறகு இணைந்த நிகழ்தகவுப் பரம்பல் வந்தது. பெயர் பெரிது, விஷயம், இரண்டு மாறிகளை ஒரே அட்டவணையில் சேர்த்து வைத்துப் பார்ப்பது. மிஸ் நான்கு கட்டம் கீறி, ஓரத்தில் கூட்டுத்தொகைகளை மட்டும் எழுதிவிட்டு, ஓரத்தை வைத்து உள்ளுக்கு என்ன இருக்கும் என்று கேட்டார். நான் ஓரங்களைப் பெருக்கி உள்ளே நிரப்பினேன். சரிதானே? மிஸ் அதை அழித்துவிட்டு வேறு எண்களைப் போட்டார். ஓரக் கூட்டு அதேதான் வந்தது. அதையும் அழித்து இன்னொரு விதமாகப் போட்டார். அப்போதும் ஓரம் அசையவில்லை. என்னுடைய பெருக்கல், இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாவிட்டால் மட்டும் சரியாம். எனக்கு வாய் திறந்தபடி இருந்தது. திமிங்கிலம் எத்தனை நாள் வந்தது என்று எனக்குத் தெரியும், எத்தனை நாள் ஆட்கள் சத்தி எடுத்தார்கள் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தும் ஒன்றும் தெரியாமல் இரண்டு பருவம் ஆட்களுக்குப் புட்டுத் தின்ன வைத்திருக்கிறேன்.

சான்றிதழுக்கு ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும்: தங்கள் தொழிலில் இரண்டு மாறிகளை எடுத்து, நாற்பது தரம் அவதானித்து, ஒன்றையொன்று சார்ந்தவையா என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் மழை, மீன் விலை, பஸ் பிந்துவது என்று எடுத்தார்கள். நான் என்னுடையதைச் சொன்னதும் வகுப்பு ஐந்து நிமிடம் நடக்கவில்லை.

அந்தப் பருவம் நாற்பது ஓட்டம் எழுதினேன். படகு கரைக்கு வந்ததும் நானாவிடம் இரண்டு கேள்வி கேட்டு, பயணிகள் பட்டியலின் பின்பக்கத்தில் கோடு போடுவேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். சத்தி எடுத்த ஓட்டம் இருபத்தொன்று. அதில் பதின்மூன்றில் திமிங்கிலம் வந்திருந்தது. சத்தி இல்லாத ஓட்டம் பத்தொன்பது. அதில் ஆறில்தான் வந்தது. நான் சொன்னது சரி! சனிக்கிழமை ஷேர்ட்டுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு போனேன். உலகத்துக்கு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவன் கசங்கிய ஷேர்ட்டோடு போகலாமா?

மிஸ் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார். படகு எவ்வளவு தூரம் போனது?

அது பட்டியலிலேயே இருந்தது. எங்களிடம் இரண்டு விதமான ஓட்டம். கிட்ட ஓட்டம் புறாமலைத் தீவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பும். தூர ஓட்டம் கரை மறையும்வரை, ஆழ்கடலுக்குப் போகும். அதற்கு மட்டும் பட்டியலை இரண்டு பிரதி எழுதுவேன், அதனால் எது எந்த ஓட்டம் என்று தெரியும். மிஸ் என் அட்டவணையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். கிட்ட ஓட்டம் இருபது: சத்தி எடுத்தது ஐந்து, அதில் ஒன்றில் திமிங்கிலம், எடுக்காதது பதினைந்து, அதில் மூன்றில் திமிங்கிலம். தூர ஓட்டம் இருபது: சத்தி எடுத்தது பதினாறு, திமிங்கிலம் பன்னிரண்டில், எடுக்காதது நான்கு, திமிங்கிலம் மூன்றில். கிட்டப் போனால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஐந்தில் ஒன்று. தூரப் போனால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான்கில் மூன்று.

என் தொடர்பு, கண் முன்னாலேயே காணாமல் போனது. எண் ஒன்றையும் ஒருவரும் மாற்றவில்லை. அதே நாற்பது கோடு. சத்தியும் திமிங்கிலமும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டுக்கும் ஆழ்கடலைத்தான் தெரியும். தூரம் போனால் வயிறு புரட்டும். தூரத்தில்தான் திமிங்கிலம் இருக்கும். ஒரு கோட்டைக் கீறி இரண்டாகப் பிரித்தால் உலகம் இப்படி மாறுமா? எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

மிஸ்ஸின் முகம் மட்டும் சரியில்லை.

“அங்கிள், இது கதிரையில இருந்து செய்த கணக்கோ?”

“இல்லை மிஸ். சத்தியமா இல்லை.”

“அஞ்சில ஒண்டு, பதினைஞ்சில மூண்டு. பதினாறில பன்ரண்டு, நாலில மூண்டு. இவ்வளவு துல்லியமாச் சோதினைத் தாளிலதான் வரும். இந்த நாப்பது ஓட்டத்தில நீங்கள் எத்தினையில போனனீங்கள்?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஒண்டிலயும் இல்லையோ?”

வேறொருவர் வந்து சொன்னதை எழுதியதற்குத் தன்னால் கையெழுத்து வைக்க ஏலாது என்றார். இரண்டு கிழமை, பதினான்கு நாள், தந்தார். ஐந்து தூர ஓட்டம் நானே போய், நானே பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. அடுத்த வகுப்பு தொடங்கும்போது எனக்கு நாற்பத்தைந்து முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, முழங்காலுக்கு மேல் கடல் தெரியாது. மூன்று நாள் நித்திரை இல்லை. இவ்வளவு காலமும் அந்தப் படகு ஒருநாளும் கவிழவில்லையே என்றாள் மனைவி. இதுவரை கவிழாத படகுதான் இனிக் கவிழும், கவிழ்ந்தது ஏற்கனவே கவிழ்ந்துவிட்டது என்று நான் விளக்கினேன். படித்த படிப்பை அவள் மீது பாவிக்க முதன்முதலாகக் கிடைத்த சந்தர்ப்பம் அது.

“ஓம், கெட்டித்தனமான கதைதான்,” என்றாள். “அப்ப மழைக்காலம் முழுக்க இஞ்ச குசினியில நிண்டு எனக்குப் படிப்பியுங்கோ. நாளைக்குப் போறீங்களோ இல்லையோ?”

சத்திக்கு இரண்டு குளிசை, ஒரு தேசிக்காய், இஞ்சித் துண்டு, கட்டம் கீறிய மட்டை, பென்சில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். சாப்பிடவில்லை. லைஃப் ஜக்கெட் இரண்டு போட்டுக்கொண்டேன். நானா என்னைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார்.

“தம்பி, ஒண்டு போதும். ரெண்டு போட்டா நீங்க கடல்ல விழ மாட்டீங்க, பறப்பீங்க.”

பயணிகள் ஆறு பேர். தண்ணீர் பச்சையாக இருந்தது, பிறகு நீலம், பிறகு மை. கரை ஒரு கோடாகி, கோடும் இல்லாமல் போனது. நான் இருக்கைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், பென்சிலைப் பல்லில். ஒன்றரை மணித்தியாலம் கழித்து நானா எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நின்றதும்தான் கடல் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. ஆறு பேரில் ஒருவருக்கும் வயிறு புரட்டவில்லை. காத்திருந்தோம்.

முதலில் மூச்சுத்தான் கேட்டது. பெரிய லொறி ஒன்று பிரேக்கிலிருந்து காற்று விடுவதுபோல, ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு பக்கம் இல்லை. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நானா கையைக் காட்டினார். தண்ணீர்த் தூண் ஒன்று எழும்பிக் காற்றில் கரைந்தது. அதன் கீழே முதுகு வந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தபோது இன்னும் வந்தது. எங்கள் படகு அதற்குப் பக்கத்தில் செருப்பு மாதிரிக் கிடந்தது. பிறகு அது மெதுவாக வளைந்து, வால் முழுதாக மேலே எழும்பி, தண்ணீர் வடிய வடிய ஒரு கணம் நின்று, சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. அது போன இடத்தில் கண்ணாடிபோல வட்டமான தண்ணீர், அலை இல்லாமல்.

நான் மட்டையில் ஒரு கோடு போடவேண்டும். என்னால் ஏலாமல் இருந்தது. கரையில் கதிரையில் இருந்து இத்தனை நாளும் ‘ஒன்று’ என்று எழுதியது இதையா? அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இதையா அடைத்தேன்? ஆயிரம் தரம் பார்த்திருப்பார் நானா. அவரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஒருவரும் ஃபோனைத் தூக்கவில்லை. எனக்குப் பயம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் அதைக் கவனிக்க நேரம் இல்லை.

கோட்டைப் போட்டேன். பிறகுதான் சத்தி எடுத்தேன். கரை தெரியும்வரை எடுத்தேன்.

ஐந்து ஓட்டமும் போனேன். மூன்றில் திமிங்கிலம் வந்தது, இரண்டில் வரவில்லை. ஐந்திலும் சத்தி எடுத்தது நான். எப்போதும் நடப்பதை மாறி என்று சொல்ல ஏலாது, உங்களை விட்டுவிட்டுப் பயணிகளை மட்டும் எண்ணுங்கோ என்றார் மிஸ். அப்படி எண்ணிப் பழைய நாற்பதோடு சேர்த்தபோது அந்தத் துல்லியம் கொஞ்சம் குலைந்தது. அதைப் பார்த்துத்தான் மிஸ்ஸுக்கு நம்பிக்கை வந்தது; கையெழுத்து வைத்தார். சோதினையில் சாதாரண சித்தி. வயதெல்லைக்கு மூன்று கிழமை இருக்கும்போது வேலைக் கடிதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை, மீன் இறங்கும் இலங்கைத்துறையில் வேலையைப் பொறுப்பேற்றேன்.