வெயிலா நிழலா

வானிலை பலூன் ஏவும் கொட்டகைக்கு, அதில் கட்டி அனுப்பும் வெப்பக் கருவியை எடுத்துக்கொண்டு போகும்போது தொலைபேசி மணி அடித்தது. பத்தே முக்கால் மணி. கருவியை வாசலில் வைத்துவிட்டு லிட்டோக்வா உள்ளே ஓடினாள்.

"அவரு போயிட்டாரும்மா." பேசியது லாஜுவானின் மனைவி நெய்மட். "மணி என்னன்னு கேட்டாரு. சொன்னேன். பலூன் நேரம் ஆயிடுச்சேன்னாரு. அவ்வளவுதான்."

முந்தின நாள்வரை வேலைக்கு வந்த மனிதர். அன்று விடியற்காலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பதினோரு மணி பலூன் யாருக்காகவும் காத்திருக்காது. லிட்டோக்வா அதை ஏவிவிட்டுத்தான் அழுதாள்.

பசிபிக் தீவான மஜூரோவின் வானிலை நிலையத்தில் லாஜுவானுக்கு இருபத்தாறு வருட வேலை. அதற்கு முன் கொப்பரைக் கப்பலில் சமையல்காரர். சர்க்கரை வியாதி கால்விரல் இரண்டைத் தின்ற பிறகும் ஸ்கூட்டரில்தான் வருவார். பகல் பலூனை அவர் ஏவுவார். அது அனுப்பும் வெப்ப அளவுகளை லிட்டோக்வா உள்ளே உட்கார்ந்து வாங்குவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டு ஆய்வு மையம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. இருபத்து நான்கு கிலோமீட்டர் உயரத்தில் மஜூரோவின் பகல் பலூன், செயற்கைக்கோளைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. இரவு பலூன் அப்படிக் காட்டவில்லை. ஏவுவதற்கு முன் கருவி வெயிலில் கிடக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

லாஜுவான் சிரித்தார். "நம்ம பலூன் அங்கயே போயித் தொட்டுப் பாக்குது. அவங்க எண்ணூறு கிலோமீட்டர் மேல நின்னு எட்டிப் பாக்கறாங்க. காய்ச்சல் யாருக்குன்னு யாரு சொல்றது தங்கச்சி?"

"அப்ப அவங்க பொய் சொல்றாங்களா அண்ணே?"

"ஒரே நாளுக்குப் போன வருசம் ஒரு எண்ணு, இந்த வருசம் வேற எண்ணு. கோளு பாதை நழுவிடுச்சாம், திருத்திட்டாங்களாம். நடந்து முடிஞ்ச நாளு திரும்பவுமா சூடாகும்?"

அவளும் சிரித்தாள். ஆனால் நம்பவில்லை. ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? சில நாள் கருவியைப் பலாமர நிழலில் வைப்பார். சில நாள் கொதிக்கும் ஸ்கூட்டர் இருக்கையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் பக்கத்தில் வந்தால் எதையோ சட்டைப்பைக்குள் சொருகுவார்.

"வெயில்ல எதுக்குண்ணே வெக்கிறீங்க?"

"மேல போனா குளிருமே. கொஞ்சம் காயட்டும்."

மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அளவு பிசகினால் நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்ற பயம் வேறு. தேதிகளைக் குறித்து அதிகாரியிடம் கொடுத்தாள். லாஜுவானுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்தார், மடித்து வைத்தார், பலூனுக்கு வாயு நிரப்பப் போனார். அதற்குப் பிறகும் ஸ்கூட்டர் இருக்கையில் வைப்பதை விடவில்லை. அவள் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள், தீவு வழக்கப்படி கல்லறைமேல் வெள்ளைப் பவளக்கற்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது நெய்மட் ஒரு சின்ன நோட்டை நீட்டினாள்.

"உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு. என்னையே கண்ணு வெச்சுப் பாக்கற புள்ள, அதுக்குத்தான் இது புரியும்னாரு."

லிட்டோக்வாவின் கையிலிருந்த கற்கள் கீழே விழுந்தன. "நான்தான் சொன்னேன்னு அவருக்குத் தெரியுமா?"

"ஒரு தேதிகூடத் தப்பில்லையாமே. அந்த ஆபீசுல வேற யாரு அவ்வளவு ஒழுங்கா எழுதறாங்க?" என்றாள் நெய்மட். சிரித்தாளா என்று லிட்டோக்வாவுக்குத் தெரியவில்லை.

நோட்டில் பதினான்கு மாதக் கணக்கு. ஒரு நாள் வெயில், ஒரு நாள் நிழல், எதிரே இருபத்து நான்கு கிலோமீட்டர் உயரத்து வெப்பம். வெயில் நாளுக்கும் நிழல் நாளுக்கும் சராசரியில் வித்தியாசமே இல்லை. அந்த ஒன்றரை டிகிரி மேலே கருவியைச் சுடும் சூரியனிடமிருந்து வருகிறதோ, செயற்கைக்கோளிடமிருந்து வருகிறதோ, நோட்டு சொல்லவில்லை. லாஜுவானின் ஸ்கூட்டரிலிருந்து வரவில்லை என்பதை மட்டும் சொல்லியது.

எச்சரிக்கையை ரத்து செய்யக் கேட்டு, தன் பெயர் போட்டு, அதிகாரிக்கு அவள் எழுதிவிட்டாள். ஆதாரமாக அந்த நோட்டைப் பிரதி எடுத்து இணைக்க வேண்டும். அந்த மாதம் முழுவதற்கும் லாஜுவான் முன்கூட்டியே கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார். அவர் இறந்த நாளின் வெப்பத்தை அவள் நிரப்பினாள்: மைனஸ் ஐம்பத்து நான்கு. பக்கத்தில் வெயிலா நிழலா என்று எழுத வேண்டும். பத்தே முக்காலுக்கு வாசலில் பாதி வெயில், பாதி நிழல். கருவியை எந்தப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.