புதன்கிழமையே நடந்த பிள்ளை

அன்று என் வாயில் யாராவது ஒரு கொழுக்கட்டையை அடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில், பால்வெட்டு முடிந்து ஓடிவந்த ஒரு தாயின் முகம் என் ஒரு பேச்சால் சுருங்கிப்போனது. இன்று நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. குழந்தை வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வுக்காகக் கேகாலையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். கையில் ஒரு தாள்: தவழ்கிறதா, கைதட்டுகிறதா, பிடிக்காமல் நடக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒரு தேதி. தேதி பிசகினால் உலகமே கவிழ்ந்துவிடும் என்று நம்பிய காலம். மடுவத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு என் தாள்மீது பெரிய மரியாதை கிடையாது. "எழுதுங்க மிஸ், எழுதுங்க. நீங்க எழுதலன்னா இதுங்க வளராமலா இருக்கப் போகுதுங்க?" என்று, இடுப்பில் ஒரு பிள்ளையும் தொட்டிலில் ஒரு கையுமாகக் கிண்டலடிப்பார். கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

ஒரு புதன்கிழமை, பதினொரு மாதப் பெண்குழந்தை சுவரை விட்டுவிட்டு நான்கு அடி வைத்து அக்காவின் மடியில் விழுந்தது. நான் துள்ளிக் குதித்துத் தேதியை எழுதினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அனே மிஸ், அவங்கம்மாகிட்ட சொல்லிறாதீங்க. புள்ள தூக்கத்தோடயே இங்க வந்துருது. எல்லாத்தையும் நாந்தான் பாக்குறேன். இதையாவது அவ மொதல்ல பாக்கட்டும்." எத்தனையோ பிள்ளைகளின் முதல் நடையை அவர் இப்படிச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. சரியென்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பகல், ரப்பர் பால் வாடையோடு அந்தத் தாய் ஓடிவந்தாள். "மிஸ், நேத்து புள்ள நடந்துட்டா! எங்கிட்டதான் மொத மொதல்ல வந்தா!"

என் விரல் அதற்குள் தாளுக்குப் போய்விட்டது. "நேத்து இல்லையே, புதன்கிழமையே நடந்துட்டாளே" என்றேன். பாவி!

"அப்பிடியா" என்றாள். அவ்வளவுதான். அக்கா தொட்டிலை விட்டுப் பாய்ந்து வந்தார். "அட, அது நடையா? செவுத்தப் புடிச்சிக்கிட்டு ரெண்டு தள்ளாட்டம். மிஸ்ஸு என்ன புள்ள பெத்து வளத்தவங்களா? ஒங்கிட்டதான்டி மொதல்ல நடந்திருக்கா." தாய் என்னைப் பார்த்தாள். "ஆமா, புடிச்சிக்கிட்டுத்தான்" என்று முணுமுணுத்தேன். அவள் சிரித்தாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எனக்கும் ஒரு மகள். கேகாலையில் ஒரு காப்பகத்தில் அவளை விட்டுவிட்டு, இன்னமும் ஊர் ஊராகப் போய்ப் பிறர் பிள்ளைகளின் கட்டங்களை நிரப்புகிறேன். போன மாதம் ஓப்பநாயக்கவில் மூன்று நாள் வேலை. இரண்டாம் நாள் காப்பகத்திலிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. என் மகள் யாரோ ஒருத்தியின் நீட்டிய கைகளை நோக்கி நடக்கிறாள். கீழே, "வாழ்த்துகள் அம்மா!" அவர்கள்மேல் தப்பே இல்லை. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் சிரித்தேன். பிறகு பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். அந்த அக்காவை அப்படித் தேடியது மனசு. மடுவம் மூடிக் கிடக்கிறது. அவர் கொழும்பில் யார் வீட்டிலோ பிள்ளை பார்க்கிறாராம், நம்பர் யாரிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் என்னிடம் தத்தித் தத்தி நடந்து வந்தாள். வாரி எடுத்துக்கொண்டேன். "வீடியோல பாத்ததவிட இப்ப நல்லா நடக்கிறா, இல்ல?" என்றார் கணவர்.

ஆமாம் என்றேன். ஒரு பொய் சொல்லுங்களேன் என்று அவரிடம் எப்படிக் கேட்பது?