ஓரத்துக் கயிறு

சலவைக்கடையின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த இரும்புக் கோபுரம் அடி முதல் முடி வரை தெரியும். எங்கெங்கிருந்தோ விமானமேறி வருகிறவர்கள் அதன் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் சலவைக்கடைக்காரரோ அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. கேட்டால், "அது எங்க ஓடிப்போகப் போகுது" என்பார்.

மற்றபடி கறாரான மனிதர். எந்த வீட்டுச் சட்டைக்குக் கஞ்சி வேண்டும், எந்த வீட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பித்தான் ஒன்று உதிர்ந்திருந்தாலும் அதே நிறத்தில் தேடித் தைத்த பிறகுதான் துணியைக் கொடுப்பார். துணி உலர்த்துவதிலும் ஓர் ஏற்பாடு இருந்தது. மாடிப்படி அறைக்குப் பின்னால், நடுமாடியில் கட்டிய கயிறுகள் அவருக்கு. கைப்பிடிச் சுவரை ஒட்டிய கயிறு மனைவிக்கு. கல்யாணமான புதிதிலேயே அப்படி அமைந்துவிட்டது. ஏன் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருமுறை வந்தபோது கோபுரத்துக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கி வந்தாள்.

"எந்த நாள் வேணும்னாலும் போகலாம்ப்பா. லிஃப்ட் இருக்கு. ஒருதடவையாவது அம்மாவோட சேர்ந்து எங்கயாவது போயிட்டு வாங்க."

மனைவியின் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். கடையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியிலேயே அவர்களுடைய பயணங்கள் எல்லாம் முடிந்துபோயிருந்தன. இதற்கு அந்தச் சாக்கும் இல்லை. ஞாயிறு பிற்பகல் கடைக்கு விடுமுறை.

முதல் ஞாயிறு, கூட்டம் அதிகமாக இருக்கும் என்றார். அடுத்த ஞாயிறு வானம் மூட்டமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் முழங்கால் வலித்தது.

"நேத்து இதே முழங்காலோடதானே தாவித் தாவி நாயைத் துரத்துனீங்க?" என்றாள் மனைவி.

அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. உயரத்தை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் கூசும், தலை சுற்றும். இத்தனை காலம் மறைத்ததை இந்த வயதில் எப்படிச் சொல்வது? சொல்லாமல் அவள் ஆசையில் மண் அள்ளிப் போடவும் மனம் வரவில்லை.

ஒரு மாலை இருவரும் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"நீ மேல போ. நான் நம்ம மாடியில துணி கட்டி வைக்கறேன். அங்கிருந்து நம்ம வீட்டைக் கண்டுபிடி, பார்க்கலாம்."

"எந்தத் துணி?"

"அந்த ஓட்டல்காரர் திரும்ப வாங்கிக்காத ஆரஞ்சுத் திரை. அது பளிச்சுனு தெரியும்."

"எந்தக் கயித்துல?"

"எதுல கட்டினா என்ன?"

"நடுக்கயித்துல கட்டினா மாடிப்படி ரூம் மறைக்கும். கோபுரத்துலேர்ந்து ஓரத்துக் கயிறுதான் தெரியும்." அவள் நெருங்கி வந்து தன் பக்கத்து முனைகளை அவர் கையில் கொடுத்தாள். குரலில் கேலி இல்லை.

அவர் போர்வையைப் பிடித்தபடியே நின்றார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமாகி வந்த முதல் மழையிலயே. எல்லாத் துணியும் நனையுது, நீங்க நடுக்கயித்துத் துணியை மட்டும் உருவிட்டு நின்னீங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வீம்புக்கு ஓரத்துக்குப் போயிருப்பீங்க. விழுந்து வச்சா கடையை யார் பார்க்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போனாள். அவர் திரைச்சீலையோடு மாடியேறினார். பாதி தூரம் நடந்தார். மீதியைத் தவழ்ந்தே கடந்தார். கயிறு கட்டிய கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையால் திரையை விரித்துக் கவ்விகளை மாட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அத்தோடு இறங்கியிருக்கலாம், துணி கட்டுவதாக மட்டும்தான் பேச்சு. ஆனால் இருவராகப் போக வேண்டிய இடத்துக்குத் தனியாகப் போனவள் வெறும் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அவருக்குச் சரியாகப் படவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கோபுரம் இருக்கும் திசையை நோக்கிக் கையைத் தூக்கினார்.

இருட்டுவதற்குள் அவள் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"திரையும் தெரிஞ்சுது, பக்கத்துல ஒரு ஆளும் தெரிஞ்சாரு. மேல தொலைநோக்கி வச்சிருக்காங்க. அந்த ஆளு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிட்டு யாருக்கோ கையாட்டிட்டு இருந்தாரு."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, சுவர்க்கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகி வைத்தாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "மேல கைப்பிடிச் சுவர் இருக்கா?"

"இருக்கு. கம்பி வலையும் போட்டிருக்காங்க. உங்க தலைக்கு மேல வரும்."

"நம்ம மாடியில இடுப்புவரைக்கும்தானே இருக்கு" என்றார் அவர், யோசனையாக.