தேங்காயிடம் கேட்ட கேள்விகள்

நீரோட்டம் பார்க்கிறவர் வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் ஆண்கள் அத்தனை பேரும் கார் நிறுத்துமிடத்தில் இருந்தார்கள். பாதிப் பேர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். நிலத்தை பில்டருக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே இரண்டு வீடு வாங்கிக்கொண்ட உள்ளூர்க்காரர் தன் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ ஓட்டும் என் அப்பா இருந்தார். நானும் இருந்தேன். பெண்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றார்கள். எங்கள் ஊரான கோவில்பதாகையில் அந்தக் கோடையில் குடியிருப்பின் போர்வெல் வற்றிப்போய், அம்மா மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"நம்ம ஊட்லயே படிச்சவன் நீ ஒருத்தன்தான். சும்மா நிக்காம நாலு கேள்வி கேளுடா" என்று சொல்லித்தான் அப்பா என்னை இழுத்து வந்திருந்தார்.

நீரோட்டக்காரர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். வடகிழக்கு மூலையில், புதிதாக டைல்ஸ் பதித்த இடத்தை ஒட்டி, தேங்காய் எழுந்து நின்றது.

"உங்க அக்யூரசி எவ்ளோ சார்?" என்றார் ஒரு ஐ.டி.க்காரர்.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு."

அவருக்குத் திருப்தி. இன்னொருவர் தண்ணீர் இனிக்குமா என்று கேட்டார். மற்றொருவர், "ஈசானிய மூலைதானே, வாஸ்துக்கு நல்லதுதானே?" என்றார். பதிலைத் தானே ஊட்டிவிட்டு அதையே கக்கச் சொல்வதற்குப் பெயர் கேள்வியாம். மாவுக் கடையில் "புளிக்காதுல்ல?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரன் தலையாட்டியதும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிற ரகம்.

நான் கேட்டேன்: "தண்ணி வரலேன்னா காசைத் திருப்பித் தருவீங்களா?"

"நம்பிக்கை இல்லாத எடத்துல காய் நிக்காது தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் தோளில் தட்டி, "குட் கொஸ்டின்" என்றார். பதில் சொல்ல விருப்பமில்லாத போது படித்தவர்கள் கொடுக்கும் பரிசு அது.

தோண்டினோம். தண்ணீர் வந்தது. குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். மோட்டார் இறக்கிய அதே வாரம், அம்மா முதல் வாளியை முகர்ந்து பார்த்து அப்படியே கவிழ்த்தாள். ஒன்பது வீட்டிலும் கக்கூஸ் நாற்றம்.

உள்ளூர்க்காரர் அப்போதும் பைக்கில்தான் உட்கார்ந்திருந்தார். "அந்த டைல்ஸுக்குக் கீழதானே செப்டிக் டேங்க் கீது" என்றார்.

"அண்ணே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"இன்னா நைனா, தேங்காவ கேட்டீங்கோ, தேங்காக்காரன கேட்டீங்கோ. என்னை எவனாச்சும் ஒரு வார்த்தை கேட்டானா? எல்லாம் படிச்சவங்களாச்சே, தெரிஞ்சுதான் தோண்டுறீங்கோன்னு கெடந்தேன்."

அவர் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான். மூக்கைவிடக் கௌரவம் பெரிது போலும்.

"இங்கே கீழே என்ன இருக்கிறது?" பால்வாடிக் குழந்தைக்குக்கூட இது கேட்கத் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை. முடிவை முன்னமே எடுத்துவிட்டு வந்திருந்தோம். அதைக் கலைக்காத கேள்விகளாகப் பொறுக்கிக் கேட்டோம். என்னுடையதும் அதே கூட்டம்தான்: துணிச்சலாக ஒலித்தது, ஆனால் மண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேங்காயை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடிய கேள்வி எதுவோ, அதுதான் அங்கே கேட்டிருக்க வேண்டியது.

அந்தக் குழியை மூடி, வாசல் பக்கம் வேறு போர் போட்டு முடிக்கும்வரை அம்மா மாடியேறிக்கொண்டிருந்தாள். இரண்டு போருக்கும், தேங்காய்க்காரர் தட்சிணையும் சேர்த்து, மொத்தச் செலவு மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.