நமுத்த வெடிக்கு ஒரு கும்பிடு

என் கணவர் ராணுவத்தில் இருந்தார். ஐ.நா. படையோடு ஒரு வருஷம் காங்கோவுக்குப் போகப்போவதாக அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "சண்டை போடப் போகல புள்ள, சண்டைய விலக்கப் போறோம்" என்று நீலத் தொப்பியை மாட்டிக் காட்டினார்.

"தெருச்சண்டையில விலக்கப் போறவருக்குத்தான ரெண்டு பக்கமும் அடி விழுது? அதுவும் யாரோ ஊருச் சண்டை. உங்கள யாரு கூப்பிட்டாக?" என்றேன். ஆனாலும் தொப்பி மட்டும் அவருக்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது. அதையும் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

அவர் போனதும் சாத்தூரில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. தினமும் சாயங்காலம் அன்றைய சரக்கில் கொஞ்சம் எடுத்துப் பின்னாலிருக்கும் பொட்டலில் வெடித்துப் பார்ப்போம். ஒன்று நமுத்துப் போனால் போச்சு, அப்பா முகத்தில் ஈயாடாது. "யாரு செஞ்சது இத?" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார். நானும் அவர் மகள்தானே, அவருக்கு மேல் கத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் போனில் பேசுவார். ஒருநாள் பேச்சுக்கு நடுவே பின்னால் படபடவென்று சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல, பக்கத்துல கல்யாணம். சரம் போடுறாக" என்றார். பட்டாசுக்காரன் மகளிடம் பொய் சொல்ல இந்த மனுஷனுக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா! சரம் என்றால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடி முடியும். இது கொஞ்சம் வெடித்து நின்றது, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. எந்தக் கல்யாணத்தில் சரம் பதில் சொல்கிறது? துப்பாக்கிச் சத்தம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "விட்டு விட்டு வெடிக்கே, திரி சரியில்ல போல. அடுத்த கல்யாணத்துக்கு நம்ம கம்பெனியில ஆர்டர் போடச் சொல்லுங்க" என்றேன்.

 அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. "இன்னைக்குக் கல்யாணம் இல்ல" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

பிறகு ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. டிவியில் எந்நேரமும் செய்தி ஓடியது, காங்கோ என்று ஒரு வார்த்தை இல்லை. நம் ஆட்களை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு, என்ன ஆனார்கள் என்று கேட்க இந்த நாட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேனோ என்று ஆத்திரமாக வந்தது. தீபாவளி சீசன் நேரம் வேறு. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் பொட்டலில் ஒவ்வொன்று வெடிக்கும்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒருவழியாகப் போன் வந்தபோது நான் கம்பெனியில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் நின்றேன். "நல்லா இருக்கேன் புள்ள" என்றுதான் ஆரம்பித்தார். சண்டைபோடும் இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் இவர்கள் முகாம் மாட்டிக்கொண்டதாம். "எங்களுக்கு ரெண்டு பேருமே எதிரி இல்லயே, யாரப் பாத்துச் சுட?" என்றார். ஒரு குண்டு, இவர் படுத்திருந்த மணல் மூட்டைக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்ததாம்.

"விழுந்து?"

"நமுத்துப் போச்சு."

லாரிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது.

வருஷம் முடிந்து, கறுத்து இளைத்து ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் சாயங்காலம் டீயும் கையுமாக அவரும் பொட்டலுக்கு வந்தார். அன்றைக்கென்று பார்த்து, பற்றவைத்ததில் ஒன்று புஸ்ஸென்று புகைந்து அடங்கிவிட்டது. "இதச் செஞ்சது யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்" என்று அப்பா ஆரம்பித்தார்.

"விடுங்கப்பா, யாரோ கை தவறிட்டாக" என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எந்த நாட்டிலோ, ஏதோ ஒரு கம்பெனியில், யாரோ ஒருவர் அன்றைக்கு வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. அவரை யாரும் திட்டியிருக்கக் கூடாது, அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று, அணைந்து கிடந்த அந்த வெடியைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் என் கணவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.